சாம்பலும் கடலும்

‘குறியீடு’ என்னும் சொல் இந்நாளில் மிக மலிந்துவிட்டது. கதையில் ஒரு காகம் கரைந்தால் அது குறியீடு. கவிதையில் ஒரு விளக்கு அணைந்தால் அதுவும் குறியீடு. எழுதியவர் காகத்தைத்தான் சொன்னார், விளக்கைத்தான் சொன்னார் என்று எவரேனும் வாய்திறந்தால் அவரைச் சுவையறியாதவர் என்று ஒதுக்கிவிடுகிறோம். இதைப் பற்றித்தான் என் நெடுநாள் நண்பர் புலவர் அவர்களுக்கும் எனக்கும் சென்ற மாதம் ஓரிரவு வாதம் மூண்டது. இஷாத் தொழுகைக்குப் பின் அவர் இல்லத்துத் திண்ணையில் தொடங்கிய பேச்சு நள்ளிரவைக் கடந்தும் ஓயவில்லை. காரணம், ஒரு திரைப்படம்.

மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒருவர் திரைப்படத்தைப் பற்றி எழுதலாமா என்று கேட்கும் வாசகர்கள் இருப்பார்கள். நானும் முதலில் பார்க்க மறுத்தவன்தான். “ஹஜ்ரத், கிதாபைப் புரட்டாமலே அதற்கு மறுப்பு எழுதுபவரை நீங்கள் என்ன சொல்வீர்கள்?” என்று புலவர் ஒரே கேள்வியில் என்னை மடக்கிவிட்டார். அவருடைய இல்லத்திலேயே அமர்ந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்த உருதுவும், திரையின் அடியில் ஓடிய எழுத்தும், இடையிடையே புலவர் தந்த விளக்கமுமாக ஒருவாறு புரிந்துகொண்டேன்.

படத்தின் பெயர் ‘ஜாய்லேண்ட்’. பாகிஸ்தானைச் சேர்ந்த ஸாயிம் ஸாதிக் என்பவர் இயக்கிய முதல் முழுநீளப் படம். பஞ்சாபியும் உருதுவும் கலந்து பேசும் லாகூர்க் குடும்பம் ஒன்றின் கதை. 2022ஆம் ஆண்டு மே மாதம் பிரான்ஸ் நாட்டின் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் பரிசொன்றைப் பெற்றது. ஆணென்றும் பெண்ணென்றும் வகுத்த வழமைக்கு அப்பாற்பட்டோரின் வாழ்வைச் சொல்லும் படங்களுக்கென அங்கு வழங்கப்படும் தனிப்பரிசும் இதற்கே கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில், முன்னர் தணிக்கைச் சான்று கொடுத்திருந்த பாகிஸ்தான் அரசு அதைத் திரும்பப் பெற்றது. சில நாளில் வெட்டுக்களோடு இசைவு தந்தது. ஆனால் கதை நிகழும் லாகூரைத் தன் தலைநகராகக் கொண்ட பஞ்சாப் மாநில அரசு மட்டும் தடையை விடவில்லை. தம் ஊரைப் பற்றிய படத்தை அவ்வூரார் தம் ஊர் அரங்கில் காணாமற் போயினர்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராணா அமானுல்லாஹ் என்னும் முதியவர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே குடும்பத்தை ஆள்கிறார். மூத்த மகன் ஸலீமுக்கு வரிசையாகப் பெண்மக்கள். இம்முறை ஆண் என்று சொல்லப்பட்டதும் பொய்த்துவிடுகிறது. இளைய மகன் ஹைதர் வேலையற்றவன். அண்ணன் மக்களோடு விளையாடுவதும் சமையலில் கைகொடுப்பதுமாக வீட்டோடு இருக்கிறான். அவன் மனைவி மும்தாஜ் மணப்பெண்களுக்கு ஒப்பனை செய்யும் தொழிலில் இருக்கிறாள். அத்தொழிலில் அவளுக்குக் கையும் உண்டு, மனமும் உண்டு. ஒருநாள் ஹைதருக்கு வேலை கிடைக்கிறது. நாடக அரங்கில் மேலாளர் வேலை என்று தந்தையிடம் சொல்கிறான். உண்மையில் பீபா என்னும் திருநங்கையின் ஆட்டக்குழுவில் பின்னணியில் ஆடும் வேலை அது. பையனுக்கு வேலை வந்துவிட்டதால் மருமகள் வேலையை விட்டு அடுப்பங்கரைக்கு வரவேண்டும் என்று வீடு தீர்ப்பளிக்கிறது. ஹைதரின் உள்ளம் பீபாவின்பால் சாய்கிறது. மும்தாஜ் கருவுறுகிறாள், ஆண்மகவு என்று தெரிகிறது, வீடு விழாக்கோலம் கொள்கிறது. அவளோ ஒருநாள் நஞ்சருந்தி மாய்கிறாள். இறுதியில் ஹைதர் தனியே கடற்கரைக்குச் செல்கிறான். அதற்குமுன் கடலைக் கண்டிராதவன் அவன். அலைக்குள் நடக்கிறான். படம் முடிகிறது.

இனி வாதத்துக்கு வருகிறேன்.

புலவர் பள்ளியில் முப்பதாண்டுக்கு மேல் தமிழ் போதித்தவர். குணங்குடியாரின் ‘மனோன்மணிக் கண்ணி’யை அவர் பாடக் கேட்டால் கல்லும் கசியும். படம் அவரை உலுக்கியிருந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் உலுக்கியதை நம்மவர் ஏற்கும் வடிவத்தில் எடுத்துச் சொல்ல அவர் ஒரு வழி கண்டிருந்தார். “ஹஜ்ரத், இதை உடலின் கதையாகப் பார்த்தால்தான் சிக்கல். பீபா என்பவள் ஆளல்லள், அழைப்பு. ஹைதர் ஸாலிக். வீடு என்பது நஃப்ஸு. அவன் பீபாவின் ஆளுயர உருவ அட்டையை வண்டியில் நிறுத்தி இரவில் ஊர்வழியே சுமந்து வருகிறானே, அது அமானிதத்தைச் சுமந்த மனிதன். கடைசியில் கடல், துளி கடலில் கலக்கிறது. அதுதானே ஃபனா? லாகூர் மண்ணில் ஷாஹ் ஹுஸைன் பாடாததா? அவரும் மாதவ லாலும் பாக்பான்புராவில் ஒரே தர்காவில் அருகருகே அடங்கியிருக்கவில்லையா? புல்லேஷாஹ் தம் முர்ஷிதின் மனத்தை வெல்லப் பெண்ணுடை தரித்து ஆடினார் என்று மக்கள் சொல்லவில்லையா? இஷ்கே மஜாஸீயிலிருந்து இஷ்கே ஹகீகீக்குப் போகும் பாதை இது” என்றார்.

கேட்க அழகாகத்தான் இருந்தது. அவர் சுட்டிய மரபும் பொய்யன்று. ஆண் கவிஞர் பெண்குரலில் இறைவனை ஏங்கிப் பாடுவதும், இறைவனையே பெண்ணாக்கி ஏங்குவதும் பஞ்சாபிலும் உண்டு, நம் தமிழிலும் உண்டு. ஆயினும் இந்த விளக்கம் எனக்கு உவப்பாக இல்லை. என் மனத்தடை மார்க்கம் பற்றியது என்று புலவர் எண்ணினார். அன்று; அது இலக்கணம் பற்றியது. நீதி பற்றியது என்றும் சொல்லலாம்.

மத்ரஸாவில் ‘முக்தஸருல் மஆனீ’ ஓதியவர்களுக்குத் தெரியும். பலாகத்துக் கலையில் மஜாஸ் வேறு, கினாயா வேறு. ‘குளியலறையில் ஒரு சிங்கத்தைக் கண்டேன்’ என்றால், சிங்கம் குளியலறைக்கு வாராது. ஆகவே வீரன் ஒருவனைச் சொல்கிறார் என்று கொள்கிறோம். நேர்ப்பொருளைக் கொள்ளவிடாமல் தடுக்கும் அடையாளம் ஒன்று, கரீனா என்பது, அங்கே நிற்கிறது. சொல் தன் பொருளை விட்டுவிட்டு மற்றொன்றைப் பற்றிக்கொள்கிறது, இது மஜாஸ். கினாயா அப்படியன்று. ‘இன்னார் வீட்டில் சாம்பல் மிகுதி’ என்று அரபியர் ஒருவரைப் புகழ்வர். சாம்பல் மிகுதி என்றால் அடுப்பு ஓயாது எரிகிறது. அடுப்பு ஓயாது எரிந்தால் விருந்தினர் மிகுதி. விருந்தினர் மிகுதி என்றால் அவர் கொடையாளி. குறித்த பொருள் கொடை. ஆனால் சாம்பலும் பொய்யன்று. போய்ப் பார்த்தால் முற்றத்தில் சாம்பல் குவிந்தே கிடக்கும். கினாயாவில் நேர்ப்பொருளும் கூடவே நிற்கலாம். அதை நீக்க வேண்டிய கட்டாயமில்லை.

“புலவரே, நீங்கள் இந்தப் படத்தை மஜாஸாக ஓதுகிறீர்கள். நான் கினாயாவாக ஓதுகிறேன். பீபா அழைப்பு என்று நீங்கள் சொன்னதும் பீபா என்னும் ஆள் மறைந்துபோகிறாள். வீடு நஃப்ஸு என்றதும் அந்த வீட்டில் சோறாக்கியவளும் மறைந்துபோகிறாள்” என்றேன்.

இதை நான் சொன்னபோது எனக்கே ஒன்று புதிதாகத் தோன்றியது. இத்தனை ஆண்டு மாணவர்களுக்கு இந்தச் சாம்பல் உதாரணத்தை ஓதிக்கொடுத்திருக்கிறேன். சாம்பலிலிருந்து அடுப்புக்கும், அடுப்பிலிருந்து விருந்தினருக்கும், விருந்தினரிலிருந்து கொடையாளிக்கும் படிப்படியாக ஏறிப் போயிருக்கிறேன். அந்த அடுப்பை ஊதியவர் யார், கை சுட்டவர் யார் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. எந்த மாணவனும் என்னைக் கேட்டதில்லை. புகழ் முழுவதும் வாசலில் அமர்ந்திருப்பவரைச் சேர்கிறது. மும்தாஜின் கதை அந்தச் சாம்பலுக்குள் கிடக்கும் கதை.

படத்தின் தொடக்கத்தில் ஓர் ஆடு வருகிறது. முற்றத்தில் அதை அறுக்கும்படி தந்தை ஹைதரைப் பணிக்கிறார். அவன் கை நடுங்குகிறது. மும்தாஜ் முன்வந்து கத்தியை வாங்கி அறுத்துவிடுகிறாள். “ஆணுக்குரியதைப் பெண் செய்வது தலைகீழ் உலகின் குறியீடு” என்றார் புலவர். குறியீடு இருக்கட்டும், முதலில் அது ஆடு. பெண் அறுத்தது கூடுமா என்ற ஐயத்துக்கும் இடமில்லை. கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்களின் ஆடுகளை மேய்த்த பணிப்பெண் ஒருத்தி, சாகும் நிலையிலிருந்த ஆட்டைக் கூரிய கல்லால் அறுத்ததையும், அதை உண்ண நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்ததையும் புகாரீயிலேயே காண்கிறோம். மார்க்கம் அதைத் தலைகீழ் என்று சொல்லவில்லை, வீடுதான் சொல்கிறது. அந்த ஒரு காட்சியில் இவ்வீட்டில் துணிவுள்ளவர் யார், துணிவுள்ளவராக இருக்கும்படி வற்புறுத்தப்படுகிறவர் யார் என்பது தெரிந்துவிடுகிறது. அதன்பின் அந்தத் துணிவுக்கு வீட்டில் வேறு வேலை கொடுக்கப்படவில்லை என்பதே துயரம்.

மணப்பெண்ணுக்கு ஒப்பனை நடக்கும்போது மின்சாரம் நின்றுவிடுகிறது. மும்தாஜ் கலங்கவில்லை; அங்கிருந்தவர்களின் கைப்பேசி வெளிச்சத்திலேயே வேலையை முடிக்கிறாள். தன் தொழிலில் தேர்ந்தவளின் முகத்தில் தோன்றும் ஒளி அப்போது அவள் முகத்தில் தோன்றுகிறது. ராஸ்தி ஃபாரூக் என்னும் நடிகையின் திறம் அது. பிறகு அந்த முகத்தை நாம் பார்ப்பதேயில்லை. ஒருமுறை மட்டும், ஓரகத்தி நுச்சியுடன் இரவில் ஜாய்லேண்ட் என்னும் பூங்காவுக்குச் சென்று இராட்டினத்தில் ஏறும்போது, சிறிது திரும்பி வருகிறது. லாகூரில் உண்மையாகவே உள்ள அந்தக் கேளிக்கைப் பூங்காவின் பெயர்தான் படத்துக்கும். இரண்டு பெண்கள் ஓர் இரவு வெளியே போனதற்கு அவ்வீடு கொடுக்கும் விலையைப் படத்தில் பார்க்கலாம். அந்த இரவு முதியவருக்குத் துணையாக இருந்த அண்டை வீட்டு விதவை ஃபையாஸுக்கும் பழிச்சொல் வருகிறது. அந்த அம்மையாருக்காக ஒரு வார்த்தை பேசவேண்டிய முதியவர் தம் மானத்தையே எண்ணிக்கொண்டிருக்கிறார். அந்தச் சிறு காட்சியை எவரும் குறியீடென்று எழுதக் காணேன். எனக்கோ படத்திலேயே மிக வலித்த இடங்களுள் அது ஒன்று. நம் தெருக்களிலும் இத்தகைய மாமிமார் இல்லையா?

இனி, பலர் கேட்கக் காத்திருப்பது. பீபாவைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?

ஒரு காட்சி. ரயில் வண்டியில் பெண்கள் பகுதியில் பீபா அமர்ந்திருக்கிறாள். அருகிலிருந்த மூதாட்டி, ஆண்கள் பக்கம் போய் உட்காரும்படி கடிந்துரைக்கிறார். ஹைதர் வந்து இடையில் அமர்ந்துகொள்கிறான். இதைக் கண்டதும் என் நினைவு பிக்ஹு கிதாபுகளுக்குப் போயிற்று. ஆணா பெண்ணா என்று தெளிவாகாத உடலமைப்புடன் பிறந்த ‘குன்ஸா முஷ்கில்’ தொழுகையில் எங்கே நிற்பது என்று நம் இமாம்கள் ஆய்ந்திருக்கிறார்கள். ஆண்களின் வரிசைக்குப் பின், பெண்களின் வரிசைக்கு முன் என்று இடம் வகுத்தார்கள். வாரிசுப் பங்கையும் வகுத்தார்கள். பீபாவின் நிலையும் குன்ஸாவின் நிலையும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் குழப்புவது கல்வியன்று. நான் சொல்வது இவ்வளவுதான்: வரிசை என்றால் அதில் இவர்களுக்கும் ஓரிடம் வேண்டும் என்று அக்காலத்து இமாம்கள் முனைந்து யோசித்தார்கள். ‘எழுந்து போ’ என்பதோடு அவர்கள் நிறுத்தவில்லை.

‘முகன்னஸ்’ என்று ஹதீஸ்களில் வருபவரைப் பற்றி இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிம் கிரந்தத்தின் விரிவுரையில் இருவகை வகுத்திருக்கிறார்கள். பிறவியிலேயே நடையிலும் பேச்சிலும் பெண்மை அமைந்தவர் மீது பழியுமில்லை, பாவமுமில்லை. வேண்டுமென்றே அதைப் பாவிப்பவரே கண்டிக்கத் தக்கவர் என்பது அவர்கள் விளக்கத்தின் சாரம். மருதாணியிட்ட ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டுவரப்பட்டபோது, அவர்கள் அவரை ஊருக்கு வெளியே அனுப்பியதும் உண்மை. கொன்றுவிடலாமா என்று கேட்டவர்களிடம், தொழுகிறவர்களைக் கொல்வது தமக்குத் தடுக்கப்பட்டுள்ளது என்று மறுத்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்பவரே அமானிதத்தைப் பேணுபவர். பாதியை மட்டும் சொல்லும் பழக்கம் இரு தரப்பிலும் இருக்கிறது. பாகிஸ்தானில் திருநங்கையர் உரிமைக்கென 2018இல் ஒரு சட்டம் வந்தது. 2023 மே மாதம் அதன் சில பிரிவுகள் மார்க்கத்துக்கு முரண் என்று கூட்டாட்சி ஷரீஅத் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் நுட்பங்களைப் பற்றி வாதிடலாம். பீபாவாக நடித்த அலீனா கானும் திருநங்கையே. அந்த முகத்தைத் திரையில் ஒருமுறை பார்த்துவிட்டவர் இது யாரைப் பற்றிய வாதம் என்பதை மறக்க மாட்டார்.

நிகாஹ் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே என்பதில் என் கருத்து இப்படத்தால் மாறவில்லை. மாறியதுபோல் பாவனை செய்யவும் எனக்கு விருப்பமில்லை. ஹைதர் மனைவியை விட்டுப் பீபாவிடம் சென்றது வஞ்சகம் என்றே நான் கருதுகிறேன். வியப்பு என்னவென்றால், படமும் அதை வஞ்சகம் என்றே காட்டுகிறது. பீபாவிடமும் அவன் நேர்மையாக இல்லை. அவள் தன்னைப் பெண்ணாகவே ஏற்க வேண்டுமென விரும்புகிறாள்; அவன் அவளிடம் தேடியதோ வேறு. அதை உணர்ந்த கணத்தில் அவள் சினந்து அவனை வெளியே துரத்துகிறாள். குடும்ப இதழில் இதற்குமேல் விரித்தெழுதுதல் முறையன்று. ஆனால் கவனியுங்கள்: ஹைதர் யார், அவன் நாடியது என்ன என்பதற்குப் படம் பெயர் சூட்டவில்லை. அவனுக்கே அப்பெயர் தெரியவில்லை. தன்னைத் தானே அறியாத ஒருவனை, ‘ஆணாக இரு’ என்ற ஒரே கட்டளையோடு ஒரு பெண்ணுக்கு மணம் முடித்துவைத்த வீடு அது. இந்த மௌனத்தை மட்டும் நான் குறியீடு என்று ஒப்புக்கொள்வேன்.

புலவர் விடவில்லை. “அப்படியானால் கடல்? கடலை என்ன செய்வீர்கள்?” என்றார்.

நான் அவருடைய ஆயுதத்தையே எடுத்தேன். தொல்காப்பியர் உள்ளுறை உவமத்துக்கு நிலைக்களன் வகுக்கும்போது கருப்பொருள்களில் தெய்வத்தை நீக்கிவிடுகிறார். விலங்கும் மரமும் பறவையும் நீரும் உள்ளுறைக்கு இடமாகலாம், தெய்வம் ஆகாது. “உங்கள் இலக்கணமே தெய்வத்தை இதற்குள் இழுக்காதே என்கிறதே, புலவரே” என்றேன். அவர் சிரித்துவிட்டு, “அது அகப்பொருளுக்கு, சூஃபிப் பாடலுக்கு அன்று” என்றார். நியாயமான பதில்தான். ஆனால் இது சூஃபிப் பாடலன்று, அகத்தின் கதை என்பதே என் வாதம்.

கடல் எனக்குக் கடலாகவே தெரிகிறது. படம் முடியும் தறுவாயில் ஒரு பழைய நினைவு வருகிறது. மணம் நிகழுமுன் ஹைதர் மும்தாஜைக் காண வருகிறான். உனக்கு இதில் சம்மதமா என்று கேட்கிறான். அப்படிக் கேட்கத் தோன்றியவன் கெட்டவனல்லன். மணத்துக்குப் பின்னும் நான் வேலைக்குப் போகலாமா என்று அவள் கேட்கிறாள். அவன் இசைகிறான். அவ்வளவுதான். அதற்கு முன்னரே நாம் அவள் இறந்ததைப் பார்த்துவிட்டோம். ஆகவே அந்தச் சிறு உரையாடல் ஒப்பந்தத்தைப் போல் வந்து நெஞ்சில் விழுகிறது. நிறைவேற்றத் தக்க நிபந்தனைகளில் முதன்மையானவை நிகாஹின்போது ஏற்ற நிபந்தனைகளே என்னும் கருத்துடைய நபிமொழியை நாம் மணமேடைகளில் ஓதுகிறோம். எந்த நிபந்தனை சட்டப்படி கட்டுப்படுத்தும், எது கட்டுப்படுத்தாது என்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. ஆனால் ஒரு பெண் கேட்டாள், ஒருவன் சரியென்றான், வீட்டார் வேண்டாமென்றபோது அவன் வாய்மூடி நின்றான் என்பதில் எந்த மத்ஹபுக்கு வேறுபாடு? அவன் பிறகு கடலுக்குப் போகிறான். அது ஃபனா என்றால், மும்தாஜின் சாவு அவனுடைய ஆன்மிகப் பயணத்தில் ஒரு படிக்கட்டாகிவிடுகிறது. ஒரு பெண் நஞ்சருந்திச் செத்தது ஓர் ஆண் இறைவனை அடையவா? இந்த விளக்கத்தை ஏற்க என் மனம் இடந்தரவில்லை.

படத்தில் குறை இல்லாமலில்லை. பிற்பகுதியில் பீபா ஏறத்தாழக் காணாமற் போய்விடுகிறாள். அவளைத் துரத்திய உலகத்தைப் போலவே கதையும் அவளை மறந்துவிடுகிறது. ஹைதரின் செயலற்ற தன்மை ஓரளவுக்கு மேல் சலிப்பூட்டுகிறது. மும்தாஜின் முடிவைப் பற்றியும் எனக்கு உறுத்தல் உண்டு. ஆண்களுக்கு அறிவு வருவதற்காகப் பெண்ணைச் சாகடிக்கும் கதைகள் தமிழில் ஏராளம். நம் இதழ்களிலும் வந்திருக்கின்றன. இந்த இயக்குநரும் அந்த வழியில்தான் போயிருக்கிறார். தற்கொலை பெரும்பாவம் என்பதை நாம் அறிவோம். அதை அழகுபடுத்தாமல் காட்டியிருக்கிறார் என்பது மட்டும் ஆறுதல். இறந்தவளைவிடப் பிறவாத ஆண்மகவுக்கே அவ்வீட்டு ஆண்கள் வருந்துவதுபோல் தோன்றும் இடத்தில் அண்ணி நுச்சியின் கோபம் வெடிக்கிறது. ஸர்வத் கிலானி அதை நடிப்பாகவே தெரியாதபடி நடித்திருக்கிறார். திரையின் சட்டகமும் ஏறத்தாழச் சதுரமாக, பக்கங்கள் குறுகி அமைந்திருக்கிறது. கதவு நிலைகளுக்குள் மனிதர் நெருங்கி நிற்கும் அந்த வீட்டுக்கு அகன்ற திரை பொருந்தியிராது.

தடை செய்தவர்களைப் பற்றி நான் அதிகம் பேச விரும்பவில்லை. குடும்ப ஒழுக்கத்துக்கு ஆபத்து என்றார்கள். அந்தக் குடும்பத்துக்குள் பசித்த வயிறு எது, அழுத கண் எது என்று பார்த்தார்களா என்பது தெரியவில்லை. பிள்ளைகளுக்குக் காட்டத்தக்க படமா என்று கேட்டால், அன்று என்பேன். பிள்ளைகளுக்கு மணம் பேசும் நிலையிலுள்ள தாய் தந்தையர் பார்க்கத்தக்கதா என்று கேட்டால், என் பதில் வேறு.

புலவர் இன்னும் இணங்கவில்லை. எழுந்து வாசல்வரை வந்தபோது, “சாம்பலைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, ஹஜ்ரத். கடலைப் பற்றிச் சொன்னது தவறு” என்றார். உள்ளே அவர் துணைவியார் எங்களுக்காக இரண்டாம் முறை வைத்த தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தார். படத்தை அவரும் உடனிருந்து பார்த்தவர். அவர் கருத்தை நாங்கள் இருவரும் கேட்கவில்லை என்பது தெருமுனைக்கு வந்த பிறகே எனக்கு உறைத்தது. புலவர் தம் மறுப்பை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். அது வந்தால் ஆசிரியர் இவ்விதழில் இடம் தரவேண்டும். அதோடு அந்த அம்மையாரின் கருத்தையும் கேட்டு எழுதுமாறு புலவருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன்.